வெளியேறி எங்கே போவது?



2016ஆம் ஆண்டு ஜூன் 23ஆம் தேதி பிரிட்டன் மக்களிடம் ஒரு வாக்குச்சீட்டு தரப்பட்டது. அதில் ஒரே கேள்வி. ஐக்கிய ராச்சியம் ஐரோப்பிய ஒன்றியத்தில் உறுப்பு நாடாக நீடிக்க வேண்டுமா, ஒன்றியத்தை விட்டு வெளியேற வேண்டுமா? கேள்விக்குக் கீழே இரண்டு கட்டங்கள். மூன்றரைக் கோடிக்குச் சற்றுக் குறைவானவர்கள் வந்து வாக்களித்தார்கள். வெளியேறலாம் என்றவர்கள் 1 கோடியே 74 லட்சம் பேர். இருக்கலாம் என்றவர்கள் 1 கோடியே 61 லட்சம் பேர். சதவீதத்தில் 51.9க்கு 48.1. விடிவதற்குள் முடிவு தெரிந்துவிட்டது. காலையில் பிரதமர் டேவிட் கேமரன் பதவி விலகுவதாக அறிவித்தார்.

அந்த இரண்டு கட்டங்களும் ஒரே அளவில் அச்சிடப்பட்டிருந்தன. ஆனால் அவற்றின் உள்ளடக்கம் ஒரே அளவானதல்ல. ஒன்றியத்தில் இருப்பது என்றால் என்ன என்று வாக்காளருக்குத் தெரியும்; 43 ஆண்டுகளாக அதில்தான் வாழ்ந்தார்கள். வெளியேறுவது என்றால் என்ன? வெளியேறி எங்கே போய் நிற்பது? ஒன்றியத்தின் வாசலிலேயே நிற்பதா, கடல் கடந்து தள்ளிப் போவதா? அந்தக் கேள்வி வாக்குச்சீட்டில் இல்லை. பரப்புரை மேடைகளில் யாரும் அதற்கு ஒரே பதிலைச் சொல்லவில்லை. அடுத்த நாலரை ஆண்டுகள் பிரிட்டனை உலுக்கியது அந்த விடுபட்ட கேள்விதான். நான் இன்று பேச வந்தது அதைப் பற்றி.

ஒரு நாடு தான் சேர்ந்த கூட்டமைப்பை விட்டு விலகலாமா என்று கேட்டால், விலகலாம் என்பதே என் பதில். அந்த உரிமையில் எனக்குச் சந்தேகம் இல்லை. எதன்மேல் வாக்கெடுக்கிறோம் என்பதைத் தெளிவாக வைக்காமல் வாக்கெடுக்கலாமா என்பதே என் கேள்வி.

பிரிட்டன் இந்தக் கேள்வியை 2016இல்தான் முதன்முதலாகக் கேட்டது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அப்படியல்ல. 1963இலும் 1967இலும் பிரெஞ்சு அதிபர் டி கோல் கதவைச் சாத்திய பிறகு, 1973 ஜனவரி 1ஆம் தேதி எட்வர்டு ஹீத் ஆட்சியில் பிரிட்டன் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தில் சேர்ந்தது. இரண்டரை ஆண்டுகளில், 1975 ஜூன் 5ஆம் தேதி, பிரதமர் ஹரால்டு வில்சன் பொதுவாக்கெடுப்பு நடத்தினார். இருக்கலாம் என்று 67 சதவீதம் பேர் சொன்னார்கள். அன்றைய அணிகளை இன்று நினைத்துப் பார்த்தால் வியப்பாக இருக்கும். வெளியேற வேண்டும் என்று முழங்கியவர்களில் முன்னணியில் நின்றவர் தொழிற்கட்சியின் இடதுசாரி அமைச்சர் டோனி பென். இருக்க வேண்டும் என்று பேசியவர்களில் ஒருவர், கன்சர்வேட்டிவ் கட்சியின் புதிய தலைவர் மார்கரெட் தாட்சர். உறுப்பு நாடுகளின் கொடிகள் பின்னிய கம்பளிச்சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார்.

அந்த 1975 வாக்கெடுப்பில் ஒரு நேர்மை இருந்தது. வெளியேறினால் எங்கே போவோம் என்று எல்லோருக்கும் தெரியும்: 1972இல் இருந்த இடத்துக்கு. அந்த வாழ்க்கை நினைவிலேயே இருந்தது. மாட்டிறைச்சி என்ன விலை விற்றது, நியூசிலாந்து வெண்ணெய் எப்படி வந்தது என்பதெல்லாம் இல்லத்தரசிகளுக்குத் தெரியும். 2016இல் அந்தப் பழைய இடமே இல்லை. நாற்பது ஆண்டுச் சட்டம் இழையோடு இழையாகக் கலந்துவிட்டது. மருந்துக்கு அனுமதி தருவது, விமானம் எங்கே இறங்கலாம் என்பது, கதிரியக்கப் பொருளைக் கையாளுவது, ஆட்டுக்கு எந்த ஊசி போடலாம் என்பது, எல்லாமே பொது விதியின் கீழ் வந்திருந்தன.

வெளியேற வேண்டும் என்றவர்களின் வாதத்தை நான் மதிக்கிறேன். அவர்களை வெறும் இனவெறியர்கள் என்று ஒதுக்கித் தள்ளும் பழக்கம் நம் பத்திரிகைகளிலும் இருக்கிறது, அது நியாயமல்ல. டோனி பென் வாழ்நாள் முழுக்கச் சொன்னது ஒன்றுதான்: சட்டம் போடுகிறவரை வாக்கால் இறக்க முடியாது என்றால் அது மக்களாட்சி இல்லை. இதற்குச் சான்றுகளும் இருந்தன. 2005இல் பிரெஞ்சு மக்கள் ஐரோப்பிய அரசியலமைப்பு ஒப்பந்தத்தை வேண்டாம் என்றார்கள். மூன்று நாள் கழித்து நெதர்லாந்து மக்கள் இன்னும் உரக்க வேண்டாம் என்றார்கள். அதன் பெரும்பகுதி லிஸ்பன் ஒப்பந்தம் என்ற பெயரில் திரும்பி வந்தது. 2008இல் அயர்லாந்து அதை நிராகரித்தது. மறு ஆண்டே மறுபடி கேட்டு ஒப்புதல் வாங்கினார்கள். 2015 ஜூலையில் கிரேக்க மக்கள் 61 சதவீதத்தினர் கடன் நிபந்தனைகளை மறுத்தார்கள். ஒரு வாரம் கடந்ததும் அவர்களின் அரசு அதைவிடக் கடுமையான நிபந்தனைகளை ஏற்க வேண்டியதாயிற்று. இத்தனையையும் தொலைக்காட்சியில் பார்த்த ஒரு பிரிட்டிஷ் குடிமகன், நம் வாக்குக்கு அங்கே என்ன மதிப்பு என்று கேட்டால் அதில் தவறென்ன?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். லிங்கன்ஷயர் மாவட்டத்தில் பாஸ்டன் என்றொரு சிறு நகரம். சுற்றிலும் முட்டைக்கோசு வயல்கள். 2004இல் கிழக்கு ஐரோப்பிய நாடுகள் ஒன்றியத்தில் சேர்ந்தபோது, தொழிலாளர்களுக்கு உடனே கதவைத் திறந்த மூன்று நாடுகளில் பிரிட்டன் ஒன்று. ஆண்டுக்கு 5,000 முதல் 13,000 பேர் வருவார்கள் என்பது அரசுக்குக் கொடுக்கப்பட்ட மதிப்பீடு. வந்தவர்கள் அதைப்போலப் பல மடங்கு. வந்தவர்கள் உழைத்தார்கள், வரி கட்டினார்கள். ஆனால் பாஸ்டனில் பள்ளியும் மருத்துவமனையும் வீடுகளும் அந்த வேகத்தில் பெருகவில்லை. லண்டனில் இருந்த யாரும் அதைக் கவனிக்கவில்லை. 2016இல் நாட்டிலேயே மிக அதிகமாக, 75 சதவீதத்துக்கு மேல், வெளியேறலாம் என்று வாக்களித்த ஊர் அது.

இருக்கலாம் என்ற அணி இவர்களிடம் என்ன சொன்னது? வெளியேறினால் 2030க்குள் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 4,300 பவுண்டு நட்டம் என்று கருவூலத்தின் பெயரில் சொன்னது. வீடே இல்லாதவரிடம் வீட்டு விலை விழும் என்று எச்சரித்தது. ஒன்றியத்தில் இருப்பதால் பெருமைப்பட என்ன இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்ல அவர்களுக்குத் தோன்றவில்லை. எதிரணி சிவப்புப் பேருந்தில் எழுதியது, வாரத்துக்கு 35 கோடி பவுண்டு ஒன்றியத்துக்குப் போகிறது, அதை நம் பொதுமருத்துவத் துறைக்குத் தருவோம் என்று. அது பிழையான கணக்கு. 1984இல் தாட்சர் போராடிப் பெற்ற தள்ளுபடி அதில் கழிக்கப்படவில்லை. விவசாயிகளுக்கும் ஆய்வுக்கும் திரும்பி வந்த பணமும் கழிக்கப்படவில்லை. புள்ளிவிவர ஆணையத்தின் தலைவரே அது மக்களைத் தவறாக வழிநடத்துகிறது என்று கண்டித்தார். பேருந்து தொடர்ந்து ஓடியது. வாக்கெடுப்புக்கு ஒரு வாரம் இருக்கும்போது, ஜூன் 16ஆம் தேதி, ஜோ காக்ஸ் என்ற இளம் நாடாளுமன்ற உறுப்பினர் தம் தொகுதித் தெருவிலேயே கொல்லப்பட்டார். இரண்டு சிறு பிள்ளைகளின் தாய். ஒரு வாக்கெடுப்பு எவ்வளவு வெறுப்பைக் கிளறலாம் என்பதற்கு நான் வேறு எதையும் சொல்லத் தேவையில்லை.

இப்போது அந்த விடுபட்ட கேள்விக்கு வருகிறேன்.

வெளியேறுவதில் பல படிகள் இருக்கின்றன. சுங்க ஒன்றியம் என்பது ஒன்று: உறுப்பு நாடுகளுக்குள் தீர்வை கிடையாது, வெளியிலிருந்து வரும் சரக்குக்கு எல்லோரும் ஒரே தீர்வை வாங்குவார்கள். ஒற்றைச் சந்தை என்பது இன்னொன்று: பொருளின் தரத்துக்கு எல்லா நாட்டுக்கும் ஒரே விதி, ஆட்களும் பணமும் சேவையும் தடையின்றிப் போகலாம். நார்வே ஒன்றியத்தில் இல்லை. 1972இலும் 1994இலும் மக்கள் வேண்டாம் என்றார்கள். ஆனால் ஒற்றைச் சந்தையில் இருக்கிறது. அதற்கு விலையாக, தான் வாக்களிக்காத விதிகளுக்குக் கட்டுப்படுகிறது, பணமும் கட்டுகிறது. கனடா இரண்டிலும் இல்லை. தூரத்திலிருந்து ஓர் ஒப்பந்தம் மட்டும். பரப்புரையில் ஒருவர் நார்வேயைக் காட்டினார், ஒருவர் சுவிட்சர்லாந்தைக் காட்டினார், இன்னொருவர் கனடாவைக் காட்டினார். மூன்றையும் விரும்பியவர்கள் ஒரே கட்டத்தில் குறியிட்டார்கள்.

நம்மவர்களும் அதில் இருந்தார்கள். பிரிட்டனில் வசிக்கும் காமன்வெல்த் குடிமக்களுக்கு இந்த வாக்கெடுப்பில் வாக்குரிமை இருந்தது. முந்தைய ஆண்டு மாணவர் விசாவில் மதுரையிலிருந்து போன ஓர் இளைஞர் வாக்களிக்கலாம். பத்தாண்டுகளாக லண்டன் மருத்துவமனையில் வேலை பார்க்கும் போலந்துச் செவிலியர் வாக்களிக்க முடியாது. இலங்கைப் போரிலிருந்து தப்பி நெதர்லாந்திலும் ஜெர்மனியிலும் பிரான்சிலும் தஞ்சம் அடைந்து, அங்கே குடியுரிமை பெற்று, பிறகு பிள்ளைகளின் ஆங்கிலப் படிப்புக்காகவும் உறவுக்காரர்களுக்காகவும் லண்டனுக்கு மாறிய தமிழ்க் குடும்பங்கள் பல உண்டு. அவர்கள் அங்கே வாழ்ந்தது ஐரோப்பியக் குடிமக்கள் என்ற உரிமையில். வாக்கெடுக்கப்பட்டது அந்த உரிமையைப் பற்றி. பிரிட்டிஷ் குடியுரிமை எடுக்காதவர்களாக இருந்தால் அவர்களுக்கு வாக்கு இல்லை.

தெற்காசியர்களிடம் வெளியேறும் அணி தனியாக ஒரு வாதம் வைத்தது. அமைச்சர் பிரீத்தி படேல் வெளிப்படையாகவே சொன்னார்: ஐரோப்பியர்களுக்குக் கதவு திறந்திருப்பதால்தான் உங்கள் உணவகத்துக்குச் சமையற்காரரைக் கொண்டுவர முடியவில்லை, வெளியேறினால் வழி பிறக்கும் என்று. அதை நம்பி வாக்களித்தவர்கள் உண்டு. பாஸ்டனில் குடியேற்றம் குறைய வேண்டும் என்று வாக்களித்தவர்களும் அதே கட்டத்தில்தான் குறியிட்டார்கள். வந்தவர்கள் கணக்கிலிருந்து போனவர்கள் கணக்கைக் கழித்தால் 2023 ஜூனோடு முடிந்த ஓராண்டில் குடியேற்றம் ஒன்பது லட்சத்தைத் தாண்டியது. ஐரோப்பாவுக்கு வெளியே இருந்து வந்தவர்களில் இந்தியர்களே முதலிடம். பாஸ்டன்காரர் ஏமாற்றப்பட்டதாக நினைத்தால் அவரை நான் எப்படிக் குறை சொல்வேன்? அவர் கேட்டதற்கு நேர் எதிரானதைக் கேட்டவரின் வாக்கும் அவர் வாக்கும் ஒரே குவியலில் எண்ணப்பட்டன.

இதில் மிகக் கொடுமையாக மறக்கப்பட்டது அயர்லாந்து. அந்தத் தீவில் இரண்டு ஆட்சிகள். தெற்கே அயர்லாந்துக் குடியரசு, ஒன்றியத்தின் உறுப்பு நாடு. வடக்கே ஆறு மாவட்டங்கள், பிரிட்டனின் பகுதி. நடுவே ஏறத்தாழ 500 கிலோமீட்டர் எல்லை, இருநூறுக்கும் மேற்பட்ட சாலைகள் அதைக் கடக்கின்றன. முப்பது ஆண்டு உள்நாட்டுப் பூசலில் 3,500 பேரளவில் உயிரிழந்த மண் அது. அந்த எல்லையில் சுங்கச் சாவடிகள் இருந்தன, ராணுவக் காவல் கோபுரங்கள் இருந்தன. 1993இல் ஒற்றைச் சந்தை வந்ததும் சுங்கச் சாவடிகளுக்கு வேலை இல்லாமல் போயிற்று. 1998 ஏப்ரல் 10ஆம் தேதி, பூசலை முடித்த பெரிய வெள்ளி உடன்பாடு கையெழுத்தானது. கோபுரங்களும் படிப்படியாக இறக்கப்பட்டன. இரண்டு நாடும் ஒரே ஒன்றியத்தில் இருந்ததால் எல்லைக்கோடு வரைபடத்தில் மட்டும் இருந்தது. டப்ளினில் காய்ச்சிய கின்னஸ் பீர் லாரியில் பெல்ஃபாஸ்ட் போய் டப்பாவில் அடைபட்டு, மீண்டும் டப்ளின் துறைமுகத்துக்கு வந்து கப்பல் ஏறும். வடக்கே கறந்த பாலில் ஒரு பெரும்பங்கு தெற்கே போய்த்தான் வெண்ணெயும் பால்பொடியும் ஆனது.

பிரிட்டன் சுங்க ஒன்றியத்தையும் ஒற்றைச் சந்தையையும் விட்டுப் போனால் அந்த லாரியை எங்கே நிறுத்திச் சோதிப்பது? நிலத்து எல்லையில் நிறுத்தினால் பழைய காயம் திறக்கும். வட அயர்லாந்துக்கும் பிரிட்டனின் மற்றப் பகுதிக்கும் இடையே கடலில் நிறுத்தினால், தங்களைப் பிரிட்டிஷ்காரர்களாகவே உணரும் மக்களுக்கு அது தங்கள் நாட்டுக்குள்ளேயே போட்ட கோடு. எங்கும் நிறுத்தாமல் இருக்க வேண்டுமென்றால் பிரிட்டன் முழுவதும் ஒன்றியத்தின் விதிகளுக்குள் இருக்க வேண்டும். இந்த மூன்றில் ஒன்றைத் தேர்ந்தே ஆக வேண்டும். வாக்கெடுப்புக்கு இரண்டு வாரம் முன்பு, முன்னாள் பிரதமர்கள் ஜான் மேஜரும் டோனி பிளேரும், எதிரெதிர்க் கட்சிக்காரர்கள், டெர்ரி நகரத்துக்குச் சேர்ந்து போய் இதைத்தான் எச்சரித்தார்கள். இங்கிலாந்தின் விவாதத்தில் அந்தப் பேச்சு ஒரு நாள் செய்தியாகக் கடந்துபோனது. வட அயர்லாந்து மக்கள் 55.8 சதவீதத்தினர் இருக்கலாம் என்றே வாக்களித்தார்கள்.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கேமரனுக்குப் பின் பிரதமரான தெரசா மே 2017 மார்ச் 29ஆம் தேதி வெளியேறும் அறிவிப்பைக் கொடுத்தார். கொடுத்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு கெடு. எங்கே போகிறோம் என்பதில் அவருடைய அமைச்சரவையே ஒத்துப்போகவில்லை. கெடு ஓடத் தொடங்கிவிட்டது. நடுவில் தேர்தல் வைத்துப் பெரும்பான்மையை இழந்தார். அவர் கொண்டுவந்த ஒப்பந்தம் 2019 ஜனவரியில் 432க்கு 202 என்று தோற்றது. நவீன பிரிட்டனில் ஓர் அரசு காணாத தோல்வி. மார்ச் 27ஆம் தேதி நாடாளுமன்றம் எட்டு மாற்று வழிகளை ஒவ்வொன்றாக வாக்குக்கு விட்டது. எட்டுக்கும் பெரும்பான்மை இல்லை. சில நாளில் சுங்க ஒன்றியம் என்ற வழி மூன்றே வாக்கில் தோற்றது. 2016 ஜூனில் மக்கள் முன் விரித்து வைத்திருக்க வேண்டிய வரைபடத்தை, ஏறத்தாழ மூன்றாண்டு கழித்து, முதலில் வைத்த கெடு முடிய இரண்டு நாள் இருக்கும்போது உறுப்பினர்கள் விரித்துப் பார்த்தார்கள்.

கடைசியில் போரிஸ் ஜான்சன் பிரதமராக வந்தார். கடலில் எல்லை போட எந்தக் கன்சர்வேட்டிவ் அரசும் சம்மதிக்க முடியாது என்று பெல்ஃபாஸ்டில், பிரிட்டனோடு சேர்ந்திருக்க விரும்பும் ஒன்றிப்புவாதிகளின் மாநாட்டிலேயே பேசியிருந்தவர், 2019 அக்டோபரில் கடலில் எல்லை போடச் சம்மதித்தார். 2020 ஜனவரி 31ஆம் தேதி பிரிட்டன் வெளியேறியது.

வேறு விதமாக நடத்த முடியுமா? முடியும், நடத்தியும் இருக்கிறார்கள். 2014இல் ஸ்காட்லாந்து விடுதலை வாக்கெடுப்புக்கு முன்னால், விடுதலை கேட்ட அரசு 600 பக்கங்களுக்கு மேல் வரும் ஒரு வெள்ளை அறிக்கையை வெளியிட்டது. நாணயம் என்ன, ராணுவம் எப்படி, ஓய்வூதியம் யார் தருவார் என்றெல்லாம் எழுதினார்கள். எழுதியிருந்ததால்தான் தொலைக்காட்சி விவாதத்தில் எதிரணியின் அலிஸ்டர் டார்லிங், பவுண்டைத் தர மாட்டோம் என்று லண்டன் சொன்னால் உங்கள் மாற்றுத் திட்டம் என்ன என்று விடுதலை அணியின் அலெக்ஸ் சால்மண்டை மடக்க முடிந்தது. விடுதலை அணி தோற்றது. ஆனால் மக்கள் எதை மறுத்தோம் என்று தெரிந்து மறுத்தார்கள். கிரீன்லாந்தைப் பாருங்கள். டென்மார்க்கோடு சேர்ந்து, தன் மக்கள் வேண்டாம் என்று வாக்களித்தும் 1973இல் உள்ளே இழுக்கப்பட்ட தீவு. 1982 பிப்ரவரியில் 53 சதவீதத்தினர் வெளியேறலாம் என்றார்கள். பிரச்சினை மீன். தங்கள் கடலில் யார் வலை வீசுவது என்பதைத் தங்கள் தலைநகர் நூக்கில் தீர்மானிக்க வேண்டும், ஒன்றியத்தின் தலைமையகமான பிரஸ்ஸல்சில் அல்ல. மூன்றாண்டு பேசி, மீன்பிடி உரிமைக்குப் பணம் வாங்கிக்கொண்டு, ஒன்றியத்தோடு இணைந்த கடல் கடந்த பகுதி என்ற தகுதியையும் பெற்று, 1985 பிப்ரவரி 1ஆம் தேதி வெளியேறினார்கள். ஐம்பதாயிரம் பேர் உள்ள ஒரு மக்கள் கூட்டம் தங்களுக்கு என்ன வேண்டும் என்பதை அறிந்திருந்தது.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு, அது வலுவான மறுப்பு. வெளியேறச் சொல்பவர்கள் ஆட்சியில் இல்லை. ஒன்றியமோ அறிவிப்பு வரும்வரை பேச்சுக்கே வராது. அப்படியிருக்க முழு வரைபடத்தைக் கொடு என்று கேட்டால், எந்தக் காலத்திலும் யாரும் வெளியேறவே முடியாதே? உண்மைதான். அதனால்தான் இத்தகைய முடிவை இரண்டு கட்டமாக எடுக்க வேண்டும் என்கிறேன். முதல் வாக்கு, பேசிப் பார்க்க அனுமதி. இரண்டாவது வாக்கு, பேசிக் கிடைத்ததை ஏற்பதா என்று. இந்த விதியை முதல் வாக்குக்கு முன்பே சட்டத்தில் எழுதி வைக்க வேண்டும். 2018இலும் 2019இலும் லட்சக்கணக்கானோர் லண்டன் தெருக்களில் இரண்டாவது வாக்கெடுப்பு கேட்டு ஊர்வலம் போனார்கள். அவர்கள் ஆசை நியாயமானது. கேட்ட காலம் தவறு. தோற்ற பிறகு விதியை மாற்றக் கேட்பது, வென்றவரின் காதில் உன் வாக்கு செல்லாது என்றுதான் விழும். அந்த விதி 2015இல் வாக்கெடுப்புச் சட்டம் இயற்றும்போதே இருந்திருக்க வேண்டும். தாம் வென்றுவிடுவோம் என்று நம்பிய கேமரன் அரசு அதைப்பற்றி யோசிக்கவில்லை. வெளியேறும் முடிவு வந்தால் என்ன செய்வது என்று ஒரு திட்டம்கூட அதிகாரிகளைத் தயாரிக்க விடவில்லை. நாடாளுமன்றத்தின் வெளியுறவுக் குழு அதை மிக மோசமான அலட்சியம் என்று பதிவு செய்தது. என் பார்வையில், பேருந்தில் எழுதிய பொய்யைவிடப் பெரிய குற்றம் இது.

கதை இன்னும் முடியவில்லை. கடல் எல்லையை எதிர்த்து ஒன்றிப்புவாதிகள் வெளிநடப்புச் செய்ததில் வட அயர்லாந்தின் ஆட்சி 2022 பிப்ரவரி முதல் இரண்டு ஆண்டு முடங்கியது. 2023இல் பிரிட்டனும் ஒன்றியமும் செய்துகொண்ட விண்ட்சர் ஏற்பாடு வந்து சோதனைகளைக் குறைத்தது. அந்த ஏற்பாட்டின் மூல ஒப்பந்தத்தில் ஒரு பிரிவு இருக்கிறது: குறித்த கால இடைவெளியில் வட அயர்லாந்துச் சட்டமன்றம் கூடி, சரக்கு தொடர்பான இந்த விதிகள் நீடிக்கலாமா என்று வாக்களிக்க வேண்டும். எந்தப் பிரிவுகள் என்று எண்ணோடு குறிப்பிட்டிருக்கிறது. பெரும்பான்மை மட்டும் இருந்தால் நான்கு ஆண்டு, ஒன்றிப்புவாதிகள், அயர்லாந்துத் தேசியவாதிகள் என்ற இரண்டு சமூகத்தின் ஆதரவும் இருந்தால் எட்டு ஆண்டு. 2024 டிசம்பர் 10ஆம் தேதி முதன்முறையாக அந்த வாக்கெடுப்பு நடந்தது. ஆதரவு 48, எதிர்ப்பு 36. ஒன்றிப்புவாதிகள் அனைவரும் எதிர்த்தார்கள். ஆகவே நீடிப்பு நான்கு ஆண்டுக்குத்தான். அது முடியும்போது வட அயர்லாந்துச் சட்டமன்றம் மறுபடியும் கூடி அதே பிரிவுகளின்மேல் வாக்களிக்கும்.